லினக்ஸ் என்றால் எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டற்ற இயங்குதளங்கள் பற்றிய உங்கள் கட்டுரை லினக்ஸையும் ஃப்ரீபிஎஸ்டியையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டிருந்தது. அங்கேதான் இடிக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னல் மட்டுமே, அதாவது வன்பொருளை நிர்வகிக்கும் மைய நிரல். மற்றதெல்லாம் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையையே பாருங்களேன். லினக்ஸ் கெர்னலோடு மற்ற நிரல்களையும் சேர்த்துத் தரும் முழு இயங்குதளமான டெபியனில் அதைத் தட்டினால் ஓடுவது குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரல். அதேபோன்ற இன்னோர் இயங்குதளமான ஆல்பைனில் ஓடுவது பிஸிபாக்ஸ் என்ற வேறொரு திட்டத்தின் நிரல். இரண்டையும் லினக்ஸ் என்றுதான் சொல்கிறோம். ஃப்ரீபிஎஸ்டியிலோ கெர்னலும் அந்த 'எல்எஸ்'ஸும் ஒரே மூலநிரல் தொகுப்பில், ஒரே திட்டத்தின் கீழ் வளர்கின்றன. ஒப்பிடுவதானால் டெபியனோடு ஒப்பிடுங்கள், சரியாக இருக்கும்.

அப்புறம், ஃப்ரீபிஎஸ்டியை 'அசல் யூனிக்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் பெர்க்லி பல்கலைக்கழக வடிவமான பெர்க்லி யூனிக்ஸின் வாரிசு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் யூனிக்ஸ் என்ற பெயர் இன்று ஓப்பன் குரூப் என்ற அமைப்பு வைத்திருக்கும் வணிக முத்திரை. சான்று வாங்கினால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக்ஓஎஸ் வாங்கியிருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி வாங்கவில்லை. சொந்தப் பேரனுக்கே குடும்பப் பெயர் இல்லை என்பது வேடிக்கைதான்!

இப்படிக்கு,
ஒரு வாசகர்