நோட்டுகள் உள்ளே இருக்கின்றன

எங்கள் ஊர் நூலகத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியும், மூன்று மனுக்களும் உங்களிடம்தான் இருக்கின்றன. நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்திவந்த எழுத்துப் பயிற்சி, பூட்டை மாற்றிய நாளிலிருந்து நின்றுபோய் ஆறு வாரம் ஆகிறது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அறையைத் திறந்துவிடுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன்.

உள்ளே 23 நோட்டுகள் மாட்டிக்கொண்டன. அதில் ஒன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியுடையது. அம்மா பீடி சுற்றுகிறவர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவள் இலை வெட்டிக் கொடுக்க வேண்டும், அப்புறம் சுளவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நோட்டை வைத்து எழுதுவாள். வந்த புதிதில் அவள் எழுதியதெல்லாம் நோட்ஸில் மனப்பாடம் செய்த முன்னுரை, பொருளுரை, முடிவுரைதான். நாங்களும் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. பார்த்ததை எழுது, எழுதியதைச் சத்தமாக வாசி, நாக்கு இடறுகிற இடத்தைத் திருத்து, அவ்வளவுதான். நான்காவது மாதம், பீடி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பதில் தொடங்கி, கடையில் பீடியைக் கழித்துப்போட்ட நாட்களில் அம்மா யாரிடமும் பேசாமல் இருப்பது வரை ஏழு பக்கம் எழுதிவிட்டாள். எட்டாவது பக்கம் பாதியில் நிற்கிறது. போன சனிக்கிழமை நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, "திரும்ப எழுதுனா அதே மாதிரி வராதுல்லா சார்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பாரதி படித்த ஊர், புதுமைப்பித்தன் படித்த ஊர் என்று திருநெல்வேலியில் எந்த மேடை ஏறினாலும் பேசுகிறோம். இன்றைக்கு எழுதுகிற ஒரு பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் ஒரு மேஜை கொடுக்க நம்மால் முடியவில்லை. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். இன்றும் சொத்து வரியோடு அதில் 10 சதவீதம் நூலக வரியாக வாங்குகிறார்கள், பீடி சுற்றுகிற வீடும் அதைக் கட்டுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை படிக்கட்டில் உட்கார வேண்டுமா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. அறைக்கான மின்கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம் என்று இரண்டாவது மனுவிலேயே எழுதியிருக்கிறோம். தயவுசெய்து அறையைத் திறந்துவிடுங்கள். முடிவெடுக்க இன்னும் நாளாகும் என்றால், வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாவியோடு ஒருவரைப் பத்து நிமிடம் அனுப்பி, அந்த நோட்டுகளை மட்டுமாவது எடுத்துக்கொள்ள விடுங்கள். பிள்ளைகளோடு வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
பயிற்சி நடத்தும் தன்னார்வலர்களில் ஒருவன்