எலும்புக் கட்டியில் முதல் கீறல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் வயதுப் பிள்ளைகளைத் தாக்கும் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே தோன்றுகிறது. விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணி, வீக்கத்தின் மேல் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் கட்டுப் போடுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. இந்தத் தாமதத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் நேரும் தவறைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்ததும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கூட எடுக்காமல், கிடைத்த இடத்திலேயே பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை, செய்துவிடுகிறார்கள். ஊசியோ கத்தியோ சென்ற வழியில் புற்றணுக்கள் பரவியிருக்கக்கூடும் என்பதால், இறுதி அறுவை சிகிச்சையில் அந்தத் தடத்தையும் கட்டியோடு சேர்த்தே அகற்ற வேண்டியிருக்கிறது. கீறல் நீளவாக்கில், பின்னர் அறுக்கப்போகும் கோட்டிலேயே இருந்தால் சிக்கலில்லை; குறுக்காகவோ, முக்கிய இரத்தக்குழாயையும் நரம்பையும் ஒட்டியோ அமைந்துவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே எடுக்க நேரிடலாம். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹென்றி மான்கின் 1982-இல் 329 நோயாளிகளையும், 1996-இல் 597 நோயாளிகளையும் ஆராய்ந்து இதையே எச்சரித்தார். இரண்டாம் ஆய்வில், பயாப்சியைச் சிகிச்சை மையத்தில் செய்யாமல் வெளியே செய்துகொண்டு வந்தவர்களிடம் பிழைகளும் பாதிப்புகளும் 2 முதல் 12 மடங்குவரை கூடுதலாக இருந்தன. அந்த ஆய்வில் மொத்தம் 18 பேர் தேவையின்றி உறுப்பை இழந்திருந்தார்கள் என்பதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது.

இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலை எடுக்க வேண்டியதில்லை. முதலில் கீமோ சிகிச்சை அளித்து, நோயுற்ற எலும்பை, அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் ஓரத்தோடு வெட்டியெடுத்து, அந்த இடத்தில் உலோக மூட்டைப் பொருத்திவிடுகிறார்கள். சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் போன்றோர் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். இத்தனை வசதி இருந்தும் ஓர் அவசரக் கீறலால் ஒரு பிள்ளை காலை இழப்பதை ஏற்க முடியவில்லை.

எனவே, எலும்புக் கட்டி என்று ஐயம் எழுந்தால் அதைத் தொடாமல், எடுத்த படங்களோடு உடனே புற்றுநோய் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறை எல்லா அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கும் எழுத்துபூர்வமாக அறிவுறுத்த வேண்டும். இறுதி அறுவை சிகிச்சையைச் செய்யப்போகும் மருத்துவரே பயாப்சியையும் செய்வாரா, அல்லது அவருடைய ஆலோசனைப்படி அது செய்யப்படுமா என்பதைப் பெற்றோர் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.