கிறிஸ் கன்டருக்கு: 109 ஆட்டம், கோல் பூஜ்யம்

அன்புள்ள கிறிஸ் கன்டர் அவர்களுக்கு,

வேல்ஸ் கால்பந்து அணிக்காக 109 ஆட்டங்கள் ஆடினீர்கள். அடித்த கோல் பூஜ்யம். கேலிக்காகச் சொல்லவில்லை. நானும் பள்ளி அணியில் உங்களைப் போல ரைட் பேக், வலது ஓரத் தடுப்பாட்டக்காரன். வேறு யாரும் நிற்க மாட்டேன் என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பந்து நம்மைத் தாண்டிப் போனால்தான் நம் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று அங்கே நின்றவனுக்குத் தெரியும். அதனால் உங்கள் பூஜ்யத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நியூபோர்ட்டில் பிறந்து கார்டிஃப் சிட்டியில் வளர்ந்தீர்கள். 2007 மே மாதம் ரெக்ஸ்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிராக நாட்டுக்கு முதல் ஆட்டம், வயது 17. அடுத்த ஜனவரியில் டாட்டன்ஹாம் கிளப் வாங்கியது, நிலைக்கவில்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ரெடிங்கில் எட்டு சீசன், சார்ல்டன், கடைசியில் நான்காம் டிவிஷனில் விம்பிள்டன். 2017இல் ரெடிங் மறுபடி பிரீமியர் லீக்கின் வாசல்வரை போய், ஹடர்ஸ்ஃபீல்டிடம் பெனால்டியில் தோற்றது. கிளப் கதை அவ்வளவுதான்.

நாட்டுக்கு ஆடிய கதை வேறு. 2011 ஆகஸ்டில் வேல்ஸ் உலகத் தரவரிசையில் 117ஆம் இடம். பயிற்சியாளர் கேரி ஸ்பீட் அணியைத் தூக்கி நிறுத்தத் தொடங்கிய வேளையில், அந்த நவம்பரில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு செர்பியாவிடம் 6-1 என்று உதை. அப்படிப்பட்ட அணி 2016இல் யூரோவுக்கு, அதாவது ஐரோப்பியக் கோப்பைக்குப் போனது, 1958 உலகக் கோப்பைக்குப் பிறகு முதல் பெரிய போட்டி.

அதில் எனக்கு மறக்காதது கோல் எதுவும் இல்லை, லான்ஸ் நகரில் நீங்கள் காட்டிய ஒரு சைகை. இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். உங்கள் நட்சத்திரம் பேல் அடித்த ஃப்ரீ கிக்கில் முன்னிலை, இங்கிலாந்தின் வார்டி சமன், கூடுதல் நிமிடத்தில் அவர்களின் ஸ்டர்ரிட்ஜ் அடித்து முடித்துவிட்டார். இங்கிலாந்திடம் அப்படித் தோற்றால் வேல்ஸ் ரசிகனுக்கு எப்படி இருக்கும்! விசில் ஊதியதும் நீங்கள் அந்த ரசிகர்கள் முன்னால் போய் நின்று, கையால் உங்கள் மோவாயை மேலே தூக்கிக் காட்டினீர்கள். தலையைத் தொங்கப்போடாதீர்கள் என்று. தோற்றவரே வந்து பார்க்க வந்தவர்களைத் தேற்றியதை நான் அதிகம் பார்த்ததில்லை. நான்கு நாளில் துலூஸில் ரஷ்யாவை 3-0 என்று வென்று பிரிவில் முதலிடம் பிடித்தீர்கள். இங்கிலாந்து இரண்டாவது.

அப்புறம் அந்தக் கல்யாணம். மெக்சிகோவில் உங்கள் சகோதரருக்குத் திருமணம், நீங்கள் மாப்பிள்ளைத் தோழன். வேல்ஸ் அரையிறுதிவரை போகும் என்று தேதி குறித்தபோது யார் நினைத்திருப்பார்கள்? உங்களால் போக முடியவில்லை. வீட்டில் யாரும் கோபித்துக்கொண்டிருக்க முடியாது, ஆனாலும் நம் ஊர் என்றால் இருபது வருடம் சொல்லிக்காட்டுவார்கள். 2021 மார்ச்சில் உங்கள் 100ஆவது ஆட்டத்துக்கு எதிரணியாக வந்தது, பார்த்தால், அதே மெக்சிகோ. கார்டிஃபில், கொரோனா காலத்து ஆளில்லா மைதானத்தில். ஆண்கள் அணியில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள் நீங்கள். பேல்கூட உங்களுக்குப் பின்னால்தான். பழைய கோல்கீப்பர் நெவில் சவுத்தாலின் 92 ஆட்டச் சாதனையை 2018இல் அல்பேனியாவில் தாண்டியபோதும் ஆரவாரம் இல்லை. ஆட்டமும் தோல்வி. உங்களுக்கு எல்லாமே இப்படித்தான் அமைந்திருக்கிறது.

2022இல் கத்தார் உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனார்கள், ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. சில மாதங்களில் விடைபெற்றுவிட்டீர்கள்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 2016 யூரோவில், லீல் நகரில் பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதி. இங்கே நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டம். ராப்சன் கானு மூன்று பேரை ஏமாற்றித் திரும்பி அடித்த கோலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நியாயம்தான். என் சந்தேகம் 86ஆவது நிமிடத்தைப் பற்றி. 2-1 முன்னிலை. ஹசார்டும் டி புருய்னேவும் எதிரே. நாலு நிமிடம் தடுத்தால் அரையிறுதி. அந்த நேரத்தில் நீங்கள் ஏன் வலது ஓரத்தில் அவ்வளவு மேலே ஏறிப் போனீர்கள்? அங்கிருந்து போட்ட கிராஸைத்தான் சாம் வோக்ஸ் தலையால் முட்டி மூன்றாவது கோலாக்கினார்.

நானாக இருந்தால் பின்னாலேயே நின்றிருப்பேன்.

அன்புடன்,
ஒரு பழைய ரைட் பேக்