நடுப்பெட்டியில் சத்தமில்லை

குவெல்ஃப், கனடா,
பிப்ரவரி 12

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் "தேனீப் பெட்டியெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். நீ நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய், அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்ல மனம் வரவில்லை. மூன்றில் இரண்டு நல்லாத்தான் இருக்கிறது. நடுப்பெட்டியில், உன் பெட்டியில், பத்து நாளாகச் சத்தம் கேட்கவில்லை.

நேற்று மைனஸ் 16. பண்ணை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முழங்கால் அளவு பனியில் நடந்து போனேன். நீ விட்டுப்போன பழைய ஸ்டெதஸ்கோப்தான் இப்போது எனக்குத் துணை. அதன் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, குளிருக்குப் பெட்டியைச் சுற்றிய கறுப்பு உறையின் ஓரத்தை விலக்கி மரத்தில் வைத்தேன். முதல் பெட்டியில் எங்கோ தூரத்தில் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் சட்டென்று ஏறி உடனே அடங்குகிறது. ராணி இருக்கிற கூட்டம் அப்படித்தான் பதில் சொல்லும். மூன்றாவதும் அப்படியே. உன் பெட்டியில் நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

வேறு அடையாளமும் பார்த்தேன். மற்ற இரண்டிலும் மேல் துளையைச் சுற்றி உறைபனி பூத்திருக்கிறது, உள்ளேயிருந்து வருகிற மூச்சு. வாசலுக்கு முன்னால் செத்த ஈக்கள் கிடக்கின்றன. செத்த ஈயைப் பார்த்தால் இந்த மாதத்தில் எனக்குச் சந்தோஷம்தான். உள்ளே உயிரோடு இருப்பவை இழுத்துக்கொண்டு வந்து போட்டால்தானே அவை அங்கே கிடக்கும்! உன் பெட்டிக்கு முன்னால் பனி வெள்ளைவெளேரென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் கிடக்கிறது.

திறந்து பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. திறக்கவில்லை. கூட்டம் சின்னதாகிப்போய் எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் சத்தம் என் காது வரைக்கும் வராது. ராணியை நடுவில் வைத்துப் பந்தாகக் கட்டிக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கிக்கொண்டிருக்கும். ராணி முட்டையிடத் தொடங்கியிருந்தால் பந்தின் நடுவில் 34, 35 டிகிரி வேண்டும். நான் மூடியைத் தூக்கினால் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூடு ஒரு நொடியில் போய்விடும். உயிரோடு இருந்ததை நானே கொன்றதாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது குளிரால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. போன ஆகஸ்டில் நான் செய்த தவறு. கோல்டன்ராட் அப்படிப் பூத்திருந்தது, வயலெல்லாம் மஞ்சள். இன்னும் கொஞ்சம் தேன் கிடைக்குமே என்று, பெட்டிக்கு மேலே வைக்கிற தேன் அறையை எடுக்காமல் விட்டேன். அது மேலே இருக்கும்வரை ஈயின் மேல் ஒட்டுகிற உண்ணிக்கு நாம் வைக்கிற மருந்தை வைக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில்தான் வைத்தேன். அதற்கு முன்னால் சீனிப்பொடி போட்டுக் குலுக்கி எண்ணியபோது உன் பெட்டியில் 300 ஈக்கு 14 வர்ரோவா உண்ணி. 9-ஐத் தாண்டினாலே ஆபத்து. கோடையில் ஆறு வாரம் வாழ்கிற ஈ, குளிர்காலத்துக்கென்று பிறந்தால் ஆறு மாதம்கூடத் தாங்கும். அந்த ஈக்கள் வளர்கிற நேரமே ஆகஸ்ட், செப்டம்பர்தான். அப்போது உண்ணி அவற்றின் உடம்புக் கொழுப்பைத் தின்றுவிட்டால், பிறகு எவ்வளவு தேன் இருந்து என்ன, எத்தனை உறை சுற்றி என்ன. இங்கே குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்டாரியோவில் குளிர்காலத்தில் செத்த கூட்டங்களில் 85 சதவீதத்துக்கு மேல் இந்த உண்ணியோடு சம்பந்தப்பட்டவை என்றுதான் வந்தது. உனக்கு அதைப் படித்துக் காட்டியதே நான்தான். 2022-ல் கனடா முழுக்கச் சராசரியாக 45 சதவீதத்துக்கு மேல் கூட்டங்கள் போனபோதும் நம் பெட்டிகள் பிழைத்தன. அந்தத் தைரியத்தில் அசட்டையாக இருந்துவிட்டேன்.

இரண்டு நாளாக உன் பாட்டா நினைப்பாகவே இருக்கிறது. மார்த்தாண்டத்தில் பனி ஏது. ரப்பர் துளிர்க்கிற மாதங்கள்தான் தேன் காலம், ஜூனில் மழை பிடித்தால் பஞ்சம். சிரட்டையில் சீனிப்பாகு ஊற்றிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவார். 1991-92-ல் புழுக்கள் தண்ணீர்ப் பை போல வீங்கிச் சாகிற நோய் வந்து நம் பக்கத்தில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. எங்களுக்கு நாற்பது பெட்டி இருந்தது, ஒன்று மிச்சமில்லை. காலிப் பெட்டிகளைத் தொழுத்தில் அடுக்கி வைத்தார். விறகுக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. வழி தப்பி வருகிற கூட்டம் மெழுகு வாசனைக்கு உள்ளே ஏறும் என்று, மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மெழுகைத் தேய்ப்பார். அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

சனிக்கிழமை 9 டிகிரி வரை ஏறும் என்கிறார்கள். உயிர் இருந்தால் மத்தியானம் கழிவு கழிக்க வெளியே பறக்கும், பனியில் மஞ்சள் புள்ளி விழும். அப்படி ஒன்று பார்த்தால் போதும், சீனிக்கட்டியை மேல் சட்டத்தில் வைத்து மூடிவிடுவேன். இனி மார்ச்சில்தான் பட்டினிச் சாவு அதிகம். பறக்கவில்லையென்றால் திறக்கிறேன். தலையை அடையின் கண்ணறைக்குள் நுழைத்தபடி செத்திருந்தால் பட்டினி. தேன் நிறைய இருந்து கைப்பிடி ஈதான் மிச்சமென்றால் என் ஆகஸ்ட். எதுவானாலும் பார்த்துவிட்டு, மற்ற ஈக்கள் திருட வராமல் வாசலை அடைப்பேன். மே கடைசியில் மூன்றாவது பெட்டியின் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை உன் பெட்டியில் வைக்கலாம். ஆப்பிள் மரத்தில் தொங்கிய கூட்டத்தைப் பதினாறு வயதில் நீ தனியாக அட்டைப்பெட்டியில் உதறிப் பிடித்தாயே, அதற்கு ஈடாகாது. ஆனாலும் பிரிக்கிற அன்று நீ வரமுடியுமா என்று லீவு பார்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை உனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் போனை எடுக்க வேண்டாம், பார்த்ததை அப்படியே மெசேஜில் எழுதுகிறேன். நல்லாயிருக்கு என்று மட்டும் அனுப்ப மாட்டேன்.

அன்புடன்,
அப்பா