படத்தின் பின்பக்கம்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள ரஞ்சி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. திருவிழாவுக்கு வந்த சனத்தால் வீடு நிறைந்து கிடந்தது, ஆறுதலாக இருந்து எழுத முடியவில்லை. முழங்கால் நோ எப்படி? படியேறி இறங்குகிற அந்த வீடு உனக்குச் சரிவராது என்று போன வருசமே சொன்னேன். எனக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கிணற்றடி மாதுளை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன். உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இதில் இருக்கிறது.

ஆசையம்மாவின் பேத்தி வாணி படம் எடுக்கிற தொழிலில் இறங்கிவிட்டாள். கலியாணம், பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறார்கள். பெரியபிள்ளையான பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கென்றால் அவளைத்தான் தேடி வருகிறார்கள். ஒரு பிற ஆம்பிளை கமராவோடு முன்னால் நின்று "நாடியை நிமிர்த்து, இஞ்சால பார்" என்று சொல்ல, பிள்ளை கூனிக்குறுகி நிற்பதை நாங்கள் எத்தனை வீட்டில் கண்டிருக்கிறோம். நாங்களும் அப்படித்தானே நின்றோம். வாணி போனால் பிள்ளை சிரிக்கிறது.

போன மாதம் ஒரு வீட்டார் படங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, மூலையில் சின்னதாகக் கிடக்கும் அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்களாம். "காசு தந்தனாங்கள்தானே, பிறகேன் உம்மட பேர்?" அவள் என் குசினியில் வந்திருந்து அழுதாள். எனக்கு உடனே ஆசையம்மாதான் நினைவுக்கு வந்தா.

இங்கே தொழில் செய்கிற பெண்கள் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடுகிறோம். தையற்கடைக்காரி, சட்டத்தரணி, மருந்துக்கடை நடத்துகிற பிள்ளை, வாணி. நான் பென்சன்காரியென்றாலும் சேர்த்துக்கொண்டார்கள். வங்கிக் கடன், கடை வாடகை, தவணை சொல்லி இழுத்தடிக்கிறவர்களிடம் காசு வாங்குவது என்று கதை போகும். வாணியின் கதையைக் கேட்டபிறகு, "ரீச்சர், முதல் காலத்தில் படம் எடுத்த பெண்களைப் பற்றி அடுத்தமுறை நீங்கள் சொல்லுங்கோ" என்றார்கள். அதற்காகத்தான் இத்தனை நாளும் வாசித்தேன்.

பெரிய பெயர் ஒன்று எங்கள் நாட்டு மண்ணிலேயே கிடக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த கமராவோடு தொடங்கினார். இங்கிலாந்தில் அவர் வீட்டுக் கோழிக்கூடுதான் ஸ்ரூடியோ, கரி போட்டுவைக்கும் அறைதான் இருட்டறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயமுன் படத்தை எடுத்து, காயமுன்னேயே கழுவியும் விடவேண்டும். அந்த மருந்து பட்டால் விரலெல்லாம் கறுத்துப்போகும். அவர் செய்த இன்னொன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: படம் ஒட்டிய மட்டையில் தன் கையெழுத்தைப் போட்டார், 500க்கு மேற்பட்ட படங்களுக்கு முறைப்படி காப்புரிமையும் பதிந்தார்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். அந்தக் கணவர் யாரென்று நினைக்கிறாய்? இலங்கை நிர்வாகத்தைத் திருத்த ஆங்கிலேயர் அனுப்பியதென்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான். ஜூலியா 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருவரையும் அடக்கியிருக்கிறார்கள். இங்கேயும் படம் எடுத்திருக்கிறார், மிஞ்சியவை கொஞ்சம்தான். இங்கிலாந்தில் அவர் படங்களில் மாதாவாக நின்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயர் மேரி ஹிலியர் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியும். இங்கே எடுத்த ஒரு படத்துக்கோ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது மட்டும்தான் தலைப்பு. கமராவைப் பார்த்து நிற்கிற எங்கள் சனத்துக்குப் பெயர் இல்லை. தன் பெயரை அவ்வளவு கவனமாக எழுதிய மனிசி இதை எழுதாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை, ரஞ்சி.

லண்டனில் கிறிஸ்டினா புறூம் என்று ஒருவர். கிரிக்கெட்டில் கணவரின் கால் அடிபட்டு உழைப்பு நின்றுபோக, 1903இல் 40 வயதளவில் ஒரு பெட்டிக் கமராவோடு தெருவில் இறங்கினார். பட்டாளத்தை, அரச ஊர்வலத்தை, வாக்குரிமை கேட்டுப் போன பெண்களை எல்லாம் எடுத்து அஞ்சலட்டையாக்கி விற்றார். மகள் வினிஃபிரெட் இருட்டறை வேலையைப் பார்த்தாள். இத்தனைக்கும் அட்டையில் இருப்பது 'திருமதி அல்பர்ட் புறூம்', கணவரின் பெயர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பப் படங்களும் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. பிறகு 'டால்டா 13' என்ற புனைபெயரில் வந்தன. 98 வயது வரை வாழ்ந்தார், 2011இல் பத்ம விபூசண் கொடுத்தார்கள்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் முக்கியமாகச் சொல்லப்போவது அமெரிக்காவின் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜோன்ஸ்டன் பற்றி. 1897இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் இந்தத் தொழிலால் பெண்கள் பிழைக்கலாம் என்று எழுதினார். திரும்பத் திரும்பத் தவறிப்போனாலும் தளராத பொறுமையும், சின்னச் சின்ன விசயங்களைக் கவனிக்கிற கண்ணும் வேண்டுமாம். 1900இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தபோது அமெரிக்கப் பெண்கள் 28 பேரிடம் கேட்டுக் கேட்டுப் படங்களைச் சேர்த்து, அங்கே கொண்டுபோய் வைத்தார். தன் படத்தை மட்டும் கொண்டுபோயிருக்கலாம், ஆர் கேட்கப்போகிறார்கள்? 1909இல் மேரி கார்னெல் முன்னின்று, அந்த நாட்டுப் படப்பிடிப்பாளர் சங்கத்துக்குள்ளேயே பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார். பத்து வருசத்துக்குப் பிறகு, 1919இல் சொன்ரா, 1921இல் சொறொப்ரிமிஸ்ற் என்று தொழில் செய்யும் பெண்களின் கிளப்புகள் வந்தன. ஆண்கள் கிளப்பான ரொட்டறி பெண்களுக்குக் கதவு திறக்க 1980கள் முடியவேண்டி வந்தது. எங்கள் நாட்டில், நீ இப்போது இருக்கிற கனடாவிலிருந்து தமிழரை மணந்து வந்த டொக்டர் மேரி இரத்தினம் 1904இலேயே பெண்கள் சங்கம் வைத்தார், 1930இல் கிராமத்துப் பெண்களுக்கான லங்கா மகிளா சமித்தியையும் தொடக்கினார்.

இனி ஆசையம்மா. ரவுணில் ஒரு ஸ்ரூடியோவுக்கு அவ பதினெட்டு வருசம் வேலை செய்தவ, உனக்குத் தெரியும். வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன மேசை. நெகற்றிவ்வை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துவைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பருவையும் தழும்பையும் மறைப்பா. பிறகு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் போடுவா. ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, வர்ணத்தைத் தொட்டு, கன்னத்தில் வட்டமாகத் தேய்த்து, வேறு பஞ்சால் துடைத்துத் துடைத்து இளஞ்சிவப்பைக் கொண்டுவருவா. சங்கிலிக்கு மஞ்சள் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுவா, நாங்களும் பக்கத்தில் நின்று மூச்சை அடக்குவோம். படம் நல்லாயிருக்கிறது என்று ஊரெல்லாம் ஸ்ரூடியோக்காரரைப் புகழ்ந்தது. பின்பக்கத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை மட்டும்தான். அவவின் பெயர் ஒரு படத்திலும் இல்லை. ஒருநாள்கூட அதைப் பற்றி அவ கதைத்ததில்லை. கேட்காமல் விட்ட என்னைத்தான் இப்போது நோகிறேன்.

1995 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்து போனபோது வர்ணப்பெட்டியும் அல்பங்களும் வீட்டோடு நின்றுவிட்டன. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்க்கையில் ஓடும் இல்லை, அலுமாரியும் இல்லை. அவ கைபட்ட படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

உன்னிடம் இருக்கிறது. 1968இல் எடுத்த உன் சாமத்தியப் படம். அதை 1984இல் பெட்டிக்குள் சேலை சுற்றிக் கொண்டுபோனாய், உன் வீட்டு மண்டபத்தில் தொங்குவதை வீடியோவில் கண்டேன். நிறம் மாறாமலிருக்க, சேலை என்ன நிறம், கரை என்ன நிறம் என்று ஆட்களிடம் கேட்டு, ஆசையம்மா படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைப்பா. உன்னுடையது மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. "கரை அரக்கோ, மரூனோ?" என்று உன் அம்மாவிடம் இரண்டுமுறை கேட்டுவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினவ. அந்த எழுத்து அங்கே இருக்கவேண்டும்.

பிறேமைக் கழற்றிப் பார். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதே, அப்படியே விட்டுவிட்டு மகனைக் கேள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணி அனுப்பு. அடுத்த சனிக்கிழமைக்கு முதல் கிடைத்தால் வாணி அதைப் பெரிதாக எடுத்துத் தருவாள். கூட்டத்தில் கமரனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கீழே 'நிறம்: நாகேஸ்வரி' என்று ஆசையம்மாவின் பெயரை எழுதப்போகிறேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
பவானி