பொருள்: தங்கள் குளியல் சோப்பில் உள்ள குழி தொடர்பாக (மூன்றாவது கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இரண்டு கடிதம், ஐந்து போன், ஒரு நேரடி அலைச்சல் எல்லாம் முடிந்து இதை எழுதுகிறேன். உங்கள் சோப்பைப் பற்றி உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. நேராகக் கேட்கிறேன், அந்தக் குழி யாருடைய யோசனை?

அட்டைப்பெட்டி அதே அளவு, விலையும் அதே. 'புதிய பொலிவு' என்று மேலே ஒரு நட்சத்திரம் வேறு. ஆட்டினால் உள்ளே சோப்பு கிலுகிலுப்பை மாதிரி உருளுகிறது. 125 கிராம் 100 ஆனதைப் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். குழி பிடிமானத்துக்காம். இருபது வருடமாக என் கையை விட்டு நழுவாத சோப்பு இப்போதுதான் நழுவப் போகிறதா?

பிடிமானம் என்று சொன்ன அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அழுத்தி, நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு கிடைத்தவர். "சோப்பையெல்லாம் யாராவது எடை போடுவாங்களா சார்? உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

இல்லை. மூன்று மாதமாக உண்மையிலேயே இல்லை. சொந்தக்காரர்களுக்கே சொல்லாமல் மறைத்து வைத்திருந்த சேதி உங்கள் கால் சென்டருக்கு எப்படிப் போனது?

அதற்கு முந்தின வாரம் உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. என்னைப் பார்த்ததுமே வாசல் காவலாளி, "ஆள் எடுக்கல சார்" என்றார். கையிலிருந்த சோப்பைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார். உள்ளே, பிரித்த சோப்பை ஏற்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காத சோப்பில் குழியை எப்படிக் காட்டுவது என்றேன். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், ஆண்களின் உள்ளாடை விற்பனையை வைத்தே கஷ்டகாலத்தைக் கணிப்பாராம். முதலில் தள்ளிப்போடுகிற செலவு அதுதானே. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், குளியலறை போதும். பற்பசை டியூபைக் கத்தரிக்கோலால் பிளந்து வழிக்கிறோம். ஷாம்பு பாட்டில் இரண்டு நாள் தலைகீழாக நிற்கிறது, மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிறோம். தேய்ந்த பழைய சோப்புத் துண்டைப் புது சோப்பின் குழியில் வைத்து அழுத்தினால் அளவெடுத்தாற்போல் உட்காருகிறது! நீங்கள் தோண்டி எடுத்ததை நான் என் கைக்காசில் நிரப்புகிறேன். இந்தப் பள்ளத்தால் என் குடும்பத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ் செலவு, போன் செலவு, என் ரத்த அழுத்தம், வீட்டில் நடந்த இரண்டு சண்டை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

தாங்கள் பெரிய நிறுவனம், நியாயம் தெரிந்தவர்கள். தயவுசெய்து ஆவன செய்யுங்கள். இல்லாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம். பிரான்சில் 2024 ஜூலை முதல், விலையைக் குறைக்காமல் அளவை மட்டும் குறைத்த பொருளுக்குப் பக்கத்திலேயே பெரிய கடைகள் அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். அங்கே இருந்திருந்தால் உங்கள் சோப்பைவிட அந்த அறிவிப்பு பெரிதாக இருந்திருக்கும்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த 25 கிராம் திரும்ப வர வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வேலையைப் பறித்துவிடாதீர்கள். வெளியே நிலைமை சரியில்லை, எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் இருபது வருட வாடிக்கையாளர்

பி.கு.: 'எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்' என்று நேற்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள வழி தேடினேன், இல்லை.