முதல் நாள் பதவியிலேயே இருபது ஆண்டுகள்: கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விக்குப் பொறுப்பானோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

திருகோணமலை நகரை அண்டிய ஒரு முன்பள்ளியில் பொறுப்பாசிரியையாகக் கடமையாற்றும் நான், இந்த மாகாணத்தில் முன்பள்ளிக் கல்வியைத் திட்டமிடுவோர், மேற்பார்வை செய்வோர், அதற்கு ஆட்சேர்ப்பு நடத்துவோர் ஆகிய உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். கொடுப்பனவு பற்றிய மனுக்கள் உங்கள் மேசையில் ஏற்கெனவே நிறைய இருக்கும். அவற்றுள் சிலவற்றில் என் கையெழுத்தும் உண்டு. இம்மடல் அதைப் பற்றியதன்று. முன்பள்ளி ஆசிரியையாகச் சேரும் ஒருத்தி எவ்வளவு படித்தாலும், எத்தனை ஆண்டு உழைத்தாலும், அந்தத் துறைக்குள்ளேயே மேலே செல்வதற்கு வழி இல்லாதிருப்பதைப் பற்றியது.

ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு, 2005இல், உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டதால் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனேன். மூன்று மாதத்துக்கென்று போனது இருபது ஆண்டைத் தாண்டிவிட்டது. இடையில் டிப்ளோமா ஒன்றை முடித்தேன், தொழில்திறனுக்கு அரசு தரும் தேசிய தொழிற்றகைமையில் (NVQ) மட்டம் 4 சான்றிதழும் பெற்றேன். அன்று ‘நேசறி ரீச்சர்’ என்றார்கள், இன்றும் அதே பெயர்தான். பொறுப்பாசிரியை என்ற பட்டம் பெற்றோர் குழு ஒரு கூட்டத்தில் வாய்மொழியாகத் தந்தது. அதற்கு நியமனக் கடிதம் இல்லை, பயிற்சி இல்லை, கொடுப்பனவில் ஒரு ரூபாய் வித்தியாசமும் இல்லை.

எங்கள் முன்பள்ளிக்கும் அருகிலுள்ள பாடசாலைக்கும் நடுவே ஆளுயர மதில் ஒன்று இருக்கிறது. மதிலுக்கு அப்பால் தரம் ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியைக்கு இலங்கை ஆசிரியர் சேவையின் தரங்கள் இருக்கின்றன. அவர் பகுதித் தலைவராகலாம், பரீட்சை எழுதி அதிபர் சேவைக்குள் செல்லலாம், ஆசிரிய ஆலோசகராகி மற்றப் பாடசாலைகளுக்குப் போகலாம். மதிலுக்கு இப்பால் நான் வளர்த்துவிடும் பிள்ளை, ஐந்து வயது நிறைந்ததும் ஜனவரியில் அந்தப் பக்கம் போய்விடுகிறது. பிள்ளைக்கு இருக்கும் வகுப்பேற்றம் ரீச்சருக்கு இல்லை.

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமன்று என்பதை நான் அறிவேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வதை மாகாணத்தின் பொறுப்பாக்கியது. மேற்பார்வைதான் மாகாணத்திடம் வந்ததே தவிர, நடத்துவது வராமல் போயிற்று. கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பிரதேச சபை, தொண்டு நிறுவனம், தனியார் என்று ஆளுக்கொருவர் நடத்துகிறார்கள். ஆகவே எங்களில் பெரும்பாலோர் அரச ஊழியர் அல்லர். இதன் விளைவு கொடுப்பனவோடு நிற்பதில்லை. சேவையில் உள்ளோருக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எங்களுக்கு இல்லை, ஏனெனில் நாங்கள் சேவையில் இல்லை. எல்லோருக்குமான திறந்த போட்டிப் பரீட்சைக்குப் போனால் வயதெல்லை குறுக்கே நிற்கிறது, ஏனெனில் அந்த வயதை நாங்கள் பிள்ளைகளோடு கழித்துவிட்டோம். ஒரு கதவுக்கு நாங்கள் வெளியாட்கள், மற்றக் கதவுக்கு வயதானவர்கள்.

அப்படியானால் எங்களை மேற்பார்வை செய்ய வருவோர் யார்? ஒருமுறை புதிதாக நியமனம் பெற்ற ஓர் உத்தியோகத்தர் வந்தார். பண்பானவர், பட்டதாரி, படித்த துறை வேறு. வரவுப் பதிவேட்டைப் பார்த்தார், மலசலகூடத்தைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தார். அவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். பிறகு, மணல் தட்டில் விரலால் வளைகோடு இழுத்துக்கொண்டிருந்த நான்கு வயதுப் பிள்ளையைக் காட்டி, “இவர்கள் இன்னும் கொப்பியில் எழுதத் தொடங்கவில்லையா?” என்று பெற்றோர் முன்னிலையில் கேட்டார். பென்சிலைப் பிடிக்கும் விரல்களுக்கு வலு வருவதற்கு முன் எழுத வைக்கக்கூடாது என்று ஓராண்டாக அந்தத் தாய்மாருக்கு நான் சொல்லிவந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு போயிற்று. அடுத்த வாரமே மூன்று பேர் சதுரக்கோட்டுக் கொப்பியோடு வந்து நின்றார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவரே எங்களுக்கு உற்ற துணையானார். அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் எங்களிடம் கற்ற காலம் என்பதை மட்டும் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

அதற்காக, இருபது ஆண்டு கற்பித்த எவரையும் அப்படியே மேலே தூக்கி வைத்துவிடலாம் என்று நான் கேட்கவில்லை. நல்ல ஆசிரியையாக இருப்பது வேறு, மற்ற ஆசிரியைகளை நல்லவர்களாக்குவது வேறு. இதை நான் என் பிழையிலிருந்துதான் அறிந்தேன்.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் இருபத்தொரு வயதுத் தங்கச்சி ஒருத்தி உதவி ஆசிரியையாக வந்தாள். ஒரு நாள் அவள், பேச்சுக் குறைந்த ஒரு சிறுவனின் கையைத் தன் கையால் பிடித்து, ‘அ’ எழுத்தின் சுழியை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தாள். சிறுவனின் கண் யன்னலில் இருந்தது. நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த பஸ்டலை வாங்கி, “இப்படியில்லை” என்று சொல்லி, சிறுவனை மடியில் வைத்துக்கொண்டு நானே தொடங்கிவிட்டேன். சிறுவன் சிரித்தான். அவள் முகம் கறுத்துப்போயிற்று. அதன் பின் ஒரு மாதம், நான் அறைக்குள் வரும்போதெல்லாம் அவள் ஏதோ ஒன்றைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆசிரியைக்குச் செய்யக்கூடாததையும் அதே நிமிடத்தில் செய்தேன்.

பிற்பாடு வேறொருவரிடம் கேட்டும், ஓரளவு தட்டுத் தடுமாறியும் கற்றது இது: வகுப்பில் வாய் திறக்காமல் ஒரு மூலையில் இருபது நிமிடம் உட்கார வேண்டும், கண்டதை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது, பிள்ளைகள் போன பிறகு, தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, “அந்த நேரம் அவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான்?” என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவளே விடையைச் சொன்னாள். யன்னலுக்கு வெளியே ஓர் உழவு இயந்திரம் நின்றிருந்ததாம். மறுநாள் அந்தச் சிறுவன் மணலில் சக்கரம் போட்டான். அதன் பிறகு பல நாள் வட்டம் வட்டமாகவே போட்டான். ‘அ’வின் சுழி தானாக வந்தது. அவன் பேச்சுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர் மூலமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அதற்குத் தாயைச் சம்மதிக்க வைப்பதற்கு மூன்று மாதம் ஆனது. வீடு தேடிப் போய், தாயை அழவிடாமல் அந்தப் பேச்சைப் பேசுவதும் பொறுப்பாசிரியையின் வேலைதான். எந்தக் கடமைப் பட்டியலிலும் அதை நான் கண்டதில்லை.

கணக்குப் புத்தகம், காலை உணவுக்கான பற்றுச்சீட்டு, பெற்றோர் குழுவுக்குள் வரும் பிணக்கு ஆகியவையும் உண்டு. அவை எவரும் ஊகிக்கக்கூடியவை என்பதால் விரிக்கவில்லை.

என்னோடு பயிற்சி பெற்ற ஒருவர் திருமணமாகி மெல்பேர்ணுக்குப் போனார். அங்கே பராமரிப்பு நிலையம் ஒன்றில் மூன்றாம் நிலைச் சான்றிதழோடு சேர்ந்து, வேலை செய்துகொண்டே டிப்ளோமா முடித்து, ஓர் அறைக்குப் பொறுப்பாகி, இன்று அந்த நிலையத்தின் கல்வித் தலைவியாக இருக்கிறார். அவுஸ்திரேலியாவில் 2012இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தர ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு நிலையமும் தகுதியும் அனுபவமும் உள்ள ஒருவரைக் கல்வித் தலைவராக எழுத்து மூலம் நியமித்தே ஆக வேண்டும். கற்பிப்போரில் அரைவாசிப் பேராவது டிப்ளோமா பெற்றவராகவோ அதைப் படித்துக்கொண்டிருப்பவராகவோ இருக்க வேண்டும். அவர் இருக்கும் விக்ரோறியா மாநிலத்தில் மூன்று வயதுக்கு மேற்பட்ட 11 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது விதி. இங்கே நாங்கள் இருவர், பிள்ளைகள் 38. அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கும் சம்பளம் போதாமல் ஆட்கள் விட்டுப் போவதால்தான், 2024 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டங்களாக 15 சதவீத ஊதிய உயர்வுக்கு அரசு மானியம் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் ‘எழுத்து மூலம் நியமித்தல்’ என்பதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும்.

ஆகவே என் முதலாவது கோரிக்கை அந்தத் தாள்தான். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியைகள் உள்ள ஒவ்வொரு பதிவுபெற்ற முன்பள்ளியிலும் பொறுப்பாசிரியை யார், அவருடைய கடமை என்ன என்பது மாகாணத்தின் சுற்றுநிருபம் ஒன்றின் கீழ் எழுத்தில் இருக்கட்டும். இன்று நடத்துநர் மாறினால் பொறுப்பாசிரியையும் மாறுகிறார். பத்தாண்டு அனுபவம் ஒரு கூட்டத்தில் கைதூக்கலோடு இல்லாமலாகிறது.

இரண்டாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எட்டுப் பத்து முன்பள்ளிகள் கொண்ட ஒரு கொத்தணிக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியை வேண்டும். அவர் வெளியிலிருந்து வரக்கூடாது. வாரத்தில் மூன்று நாள் தன் வகுப்பிலும் இரண்டு நாள் மற்றவர்களின் வகுப்பிலும் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் அவருடைய வகுப்பைப் பார்க்கும் பதிலாளுக்குக் கொடுப்பனவு வழங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு முன்பள்ளியைத் திருத்தப்போய் இன்னொன்றைக் கெடுத்தவர்களாவோம். தெரிவு மூப்பின்படி நடக்க வேண்டாம். மூப்பு மட்டுமே தகுதி என்றால் நானே தெரிவாகக்கூடும், இருந்தும் வேண்டாம் என்கிறேன். தேசிய தொழிற்றகைமையில் மட்டம் 5, 6 டிப்ளோமாவும் மட்டம் 7 பட்டமும் ஆகும். பாடநெறிக்குப் போகாமலே செய்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் பெறும் முன்கற்றல் அங்கீகாரமும் அந்த முறைமையில் உண்டு. வழிகாட்டி ஆசிரியைக்கு மட்டம் 5ஐ அளவாக வைத்து, ஒரு நாள் அவர் வகுப்பில் இருந்து பார்த்து, அடுத்த நாள் அவர் இன்னொருவரின் வகுப்பைப் பார்த்து என்ன எழுதுகிறார் என்பதையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். நேர்முகப் பரீட்சையில் அரை மணி நேரம் பேசி இதை அறிய முடியாது.

மூன்றாவதாக, முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பதவிகளுக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தில், குறிப்பிட்ட ஆண்டுகள் பதிவுபெற்ற முன்பள்ளியில் கற்பித்துத் தகைமையும் பெற்றவர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கி, அவர்களுக்கு வயதெல்லையில் தளர்வு கொடுங்கள். நாங்கள் அரச சேவையில் இல்லாவிட்டாலும் மாகாணத்தின் பதிவேட்டில் இருக்கிறோம். அந்தப் பதிவு கணக்கெடுப்புக்குப் பயன்படுவதுபோல் எங்கள் சேவைக்காலத்துக்கும் சான்றாகட்டும்.

பாடநெறி நடக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் எனக்குத் தெரிய, நல்ல வகுப்புகள் நகரத்திலேயே, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கடலைக் கடக்கப் பாதைப் படகுக்காகக் கரையில் காத்துக் கிடப்பது நின்றது உண்மைதான். ஆயினும் வெருகலிலிருந்து வரும் ஆசிரியை இருட்டோடு புறப்பட்டு இருட்டியபின்தான் வீடு சேர்கிறார். கைக்குழந்தையோடு வந்து, வகுப்பு முடியும்வரை தாயாரை வெளியே மரநிழலில் உட்கார வைத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். மூதூரிலும் குச்சவெளியிலும் மாதத்துக்கு ஒரு வகுப்பை வைத்தாலே படிப்பவர் தொகை கூடும் என்பது என் கணிப்பு.

அன்று நான் பஸ்டலைப் பறித்த அந்தத் தங்கச்சி எட்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தாள். ஒரு புதிய ஆசிரியையை மூலையில் அமர்ந்து அவள் கவனித்து எழுதிய குறிப்பு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. நான் எழுதியிருக்கக்கூடியதைவிட அது நன்றாக இருந்தது. இப்போது அவள் நகரத்தில் ஒரு துணிக்கடையில் காசாளர். அங்கே மூன்று ஆண்டில் இரண்டு முறை சம்பளம் கூடியிருக்கிறது, கீழே நால்வர் வேலை செய்கிறார்கள். வழிகாட்டி ஆசிரியை என்றொரு பதவி இருந்திருந்தால் அதற்கு நான் முதலில் சொல்லியிருக்கும் பெயர் அவளுடையது.

இவற்றைப் பற்றிப் பேசுவதற்கு அழைத்தால், மாவட்டத்தின் வேறு வேறு பிரிவுகளிலிருந்து நான்கைந்து பேராக வருவோம். சனிக்கிழமையாகப் பார்த்து அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வார நாட்களில் எங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

இங்ஙனம்,
முன்பள்ளிப் பொறுப்பாசிரியை ஒருவர்,
திருகோணமலை.